வெட்டு ஒன்று

செத்ராக் மூன்று குளிர்காலம் அளந்தான்.
நீவாவின் கூரையை, பின்கதவை, சக்கர வளைவை.
சுண்ணக்கட்டியால் கோடு போட்டு
ஈரத்துணியால் அழித்து
மறுபடி போட்டு.
வர்தேனிஸ் ஊரே சொன்னது:
அவன் இரும்பை அளக்கவில்லை, கதை அளக்கிறான்.

எனக்குப் பதினெட்டுத் தேன்பெட்டிகள்.
ஜூன் பிறந்தால்
மேல்சரிவுக்கு ஏற்றியாக வேண்டும்.
ஐந்து பேர் உட்காரும் வண்டியில்
நாலு பெட்டிதான் ஏறும்.
ஐந்தாவதை மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை போனேன்.
அந்தப் பயணத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஏப்ரலில், தங்கை மகள் கல்யாணத்துக்கு
அவன் கியும்ரி போயிருந்த அன்று
ஓனிக்கிடம் வெட்டும் எந்திரத்தை இரவல் வாங்கினேன்.
தேனீ வலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டேன், பழக்கம்.
வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பொறிகள் பனியில் விழுந்து சீறின.
கூரைக்குள்ளிருந்து வந்தவை:
சாம்பல் நிறப் பஞ்சு,
காய்ந்த குளவிக்கூடு ஒன்று,
வானம்.
பின்பாதித் தகரம் பயந்த அளவு கனக்கவில்லை,
தனியாளாகவே தூக்கி வேலியில் சாய்த்தேன்.
பின்னிருக்கையைக் கோழிகள் எடுத்துக்கொண்டன.

பிறகு
ஓட்டுநர் கதவைத் திறந்தேன்.

மூடவில்லை.

ஒரு விரற்கடை.
தாழ் ஓரிடத்தில், கொக்கி ஓரிடத்தில்.
வண்டி நடுவில் தொய்ந்திருந்தது
சுமைக்கழுதை மாதிரி.
இதற்கு அடியில் தனிச் சட்டம் கிடையாது,
உடம்பேதான் எலும்பு என்று
யாருமே எனக்குச் சொல்லவில்லை.

சொல்லியிருந்தான்.
அவன் நோட்டில், மூன்றாம் பக்கம், அடிக்கோடிட்டு:
முதலில் கதவு வாசல்களுக்குக் குறுக்குக்கம்பி, பிறகே வெட்டு.
கீழே தேதி. மூன்று வருடம் பழையது.
அதன் கீழே: கம்பிக்குப் பணம்?
மிச்சப் பக்கமெல்லாம் இரும்பு விலை,
மாதாமாதம், ஏறுமுகமாக.
மூன்று குளிர்காலமும்
அதைத்தான் அளந்திருக்கிறான்.

இரவு வந்தான்.
கல்யாணச் சட்டையோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான்.
கோட்டின் மேலேயே வெட்டியிருக்கிறாய் நுவார்த்,
மயிரிழை பிசகவில்லை, என்றான்.
பிறகு ஜாக்கியைத் தேடப் போனான்.

கடைசி இரண்டு டின் தேன்
இரும்பாக மாறியது.
ஜாக்கியை ஒரு பல் ஏற்றுவான்,
நான் கதவைச் சாத்திப் பார்ப்பேன்,
இல்லை என்பேன்.
ஒரு பல்.
இல்லை.
ஓனிக் முகமூடியைத் தூக்கி
இரண்டு பேரையும் பார்த்துவிட்டு சிகரெட் பற்றவைப்பான்.

பின்கதவை இடுப்பில் அறுத்தோம்.
கண்ணாடியுள்ள மேல்பாதி எங்கள் முதுகுக்குச் சுவர்.
கீழ்ப்பாதி, பெட்டிகள் சரியாமல் தடுக்கும் படல்.
பதிவு அலுவலகத்தில் அந்த அம்மாள் கேட்டாள்:
ஐந்து இருக்கை என்று போட்டிருக்கிறதே, மூன்று எங்கே?
கோழி அடைகாக்கிறது என்றேன்.
சிரிக்காமல் அடுத்த மாதம் வரச் சொன்னாள்.

ஜூன், நள்ளிரவு. தேனீக்களை இருட்டில்தான் நகர்த்த வேண்டும்.
ஒன்பது பெட்டி ஒரு நடை.
கடந்த பாதையைக் காட்டிக்கொண்டிருந்த கண்ணாடி
இப்போது என் பிடரிக்கு ஒரு சாண் பின்னால்.
அதில் தலையைச் சாய்த்தால்
மண்டைக்குள் ரீங்காரம்.
செத்ராக் இரண்டாம் கியரிலேயே ஏறினான்.
பள்ளம் வரும்போதெல்லாம்
இருவரும் கதவையே கவனித்தோம்.

அது இன்றும் சும்மா அடித்தால் மூடாது.
கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி அழுத்த வேண்டும்.
வண்டியை இரவல் கேட்பவர்களிடம்
அதைக் காட்டிக்கொடுத்துவிட்டு,
என் அவசரம், முன்பின் பார்க்காமல் வெட்டிவிட்டேன்,
என்கிறான் அவன்.
அவனாவது, அவசரமாவது.
வர்தேனிஸில் ஒருவரும் நம்புவதில்லை.